வியாத்காவும் விழுப்புரமும்

மொழிக்காக உயிரை எரித்துக்கொள்வது தமிழ்நாட்டுப் பைத்தியம் என்று ஏளனம் பேசுவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்கட்கு இஷேவ்ஸ்க் நகரைக் காட்டுவோம். ருஷ்ய நாட்டின் உட்பகுதியில், வோல்கா ஆற்றுக்குக் கிழக்கே, உத்மூர்த்தியக் குடியரசின் தலைநகரம் அது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள், அந்நகரின் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னே 79 வயது முதியவர் ஒருவர், தம் தாய்மொழியின் கதியை எழுதிய அட்டைகளைத் தாங்கி நின்றார். நின்றவர் தம் உடலில் தாமே தீ மூட்டிக்கொண்டார். அன்றே மாண்டார். அல்பெர்த் ராசின் அவர் பெயர். மெய்யியல் கற்ற அறிஞர். தெருவில் திரிந்த வெறியரல்லர்.

அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது எது? 2018இல் ருஷ்ய நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. ருஷ்ய மொழி கட்டாயம். குடியரசுகளின் சொந்த மொழிகளோ பெற்றோர் விரும்பி எழுதிக் கொடுத்தால் மட்டும் கற்பிக்கப்படும். விருப்பம்! எத்துணை இனிய சொல்! வேலைக்கு ருஷ்யம், பட்டத்திற்கு ருஷ்யம், பதவிக்கு ருஷ்யம் என்று ஆக்கிவிட்டு, "உன் மொழியை நீ விரும்பினால் படித்துக்கொள்" என்று புன்னகையோடு கூறுவது. இந்தப் புன்னகையைத் தமிழர் நன்கறிவர். 1964 சனவரி 25 அன்று திருச்சி இரயில் நிலையத்தின் முன்னே கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தீக்கிரையானது நமக்குக் கதையன்று. ஒன்றை மட்டும் இடையிலே சொல்லி வைப்போம்: அந்த வழியை எந்த இளைஞனுக்கும் நாம் காட்டமாட்டோம். இருந்து வாதாடும் நாவும், இருந்து எழுதும் கையுமே எந்த மொழிக்கும் தேவை.

உத்மூர்த்தியர் கதையை இங்கே சொல்லப் புகுந்தது, அயல்நாட்டார்க்காக இரங்கிவிட்டு நிம்மதியாக உறங்கப் போவதற்காக அன்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் பக்கத்திலேயே வாழும் ஓரினத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன், பெரிய இனம் ஒன்று சிறிய இனம் ஒன்றை எப்படி நடத்தும் என்பதைத் தொலைவிலிருந்து பார்த்துவிடுவது நல்லது. தொலைவில் உள்ளது தெளிவாகத் தெரியும். காலடியில் உள்ளதுதான் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

மாஸ்கோ அரசு 1489இல் வியாத்கா நாட்டைக் கைப்பற்றியது. 1552இல் கசான் வீழ்ந்தது. வடக்கே இருந்த உத்மூர்த்தியரும் தெற்கே இருந்தவரும் இவ்வாறு ஜார் மன்னனின் குடிகளாயினர். அவர்கள் தங்களை உத்மூர்த்து என்றனர். 'மூர்த்து' என்றால் அவர்கள் மொழியில் மனிதன். ஆண்டவர்களோ 'வோத்யாக்' என்றனர். மனிதன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவனுக்கு வேறொரு பெயர் சூட்டுவதிலேதான் ஆதிக்கம் தன் முதல் பாடத்தைத் தொடங்குகிறது. பிறகு பாதிரிமார் வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமாக ஞானத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. 1760இல் இஷேவ்ஸ்கில் இரும்பாலை எழுந்தது. 1807இல் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. காடு அவர்களுடையது, ஆலை ஆண்டவருடையது. விவரித்துக்கொண்டே போகலாம், எல்லாப் பேரரசுகளின் கதையும் இதுவேயாதலால் விரைந்து கடப்போம்.

விரைந்து கடக்க முடியாத ஒன்று முல்தான் வழக்கு. பாகிஸ்தானத்து முல்தான் அல்ல. வியாத்கா மாகாணத்துப் பழைய முல்தான் என்னும் சிற்றூர். 1892 மே 5 அன்று அவ்வூருக்கருகே சதுப்பு நிலத்துப் பாதையில் பிச்சைக்காரன் ஒருவனின் தலையற்ற உடல் கிடந்தது. கொன்றவன் யார் என்று தேடவேண்டிய அதிகாரிகள் தேடவில்லை. அவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது! "வோத்யாக்குகள் வாழும் ஊர், அவர்கள் பழைய தெய்வங்களை வணங்குவோர், ஆகவே இது நரபலி" என்று முடிவு கட்டினர். முடிவு முதலில், சான்று பின்னர். வதந்தி சாட்சியாயிற்று. யாரோ யாரிடமோ கேட்டது எழுத்தில் ஏறி ஆவணமாயிற்று. கசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்மிர்னோவ், நரபலி நடந்திருக்கும் என்பதற்கு இனவியலை எடுத்துக்கொண்டு கூண்டேறினார். படித்தவன் பொய்க்குத் துணை நின்றால், படியாதவனின் பொய்யைவிட அது ஆழமாக வெட்டும்.

1894இல் ஏழு உத்மூர்த்தியர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மேல்மன்றம் அதைத் தள்ளியது. 1895இல் மறுவிசாரணை, மீண்டும் அதே தீர்ப்பு. அந்த இரண்டாம் விசாரணையைக் காண வந்து அமர்ந்திருந்தார் எழுத்தாளர் விளாதிமிர் கொரலெங்கோ. அவர் உத்மூர்த்தியர் அல்லர். அவர்கள் மொழி அறிந்தவரும் அல்லர். கேட்டதை வரி வரியாகக் குறித்தார், ஏடுகளில் வெளியிட்டார், படித்த ருஷ்யம் முகம் சிவந்தது. மேல்மன்றம் தீர்ப்பை மீண்டும் தள்ள, 1896இல் மமதீஷ் நகரில் மூன்றாம் விசாரணை தொடங்கியது. இம்முறை ஊதியமின்றி எதிரிகள் தரப்பில் தாமே வாதாட எழுந்தார் கொரலெங்கோ. வீட்டில் அவருடைய இளமகள் நோயுற்றிருந்தாள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். உத்மூர்த்திய இனத்திலேயே பிறந்த முதல் எழுத்தாளரென மதிக்கப்படும் கிரிகோரி வெரெஷ்சாகின், எங்கள் வழிபாட்டில் நரபலி இல்லை என்று அறிஞர் சாட்சியம் அளித்தார். சூன் மாதம் அனைவரும் விடுதலை ஆயினர். பழைய முல்தான் இன்று கொரலெங்கோ என்ற பெயர் தாங்கி நிற்கிறது.

நம் மேடைகளில் எமிலி ஜோலாவின் பெயர் கேளாத செவி இல்லை. டிரைஃபசுக்காக அவர் தீட்டிய திறந்த மடல் 1898 சனவரியில் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, புகழ் குறைந்த ஒரு காட்டுக் கோட்டத்தில், பெயர் அறியாத ஏழு உழவர்க்காகக் கொரலெங்கோ நின்றார். டிரைஃபசோ படைத்தலைவன், படித்தவன், அவனுக்காகப் பேச பாரிசு நகரமே இருந்தது. முல்தான் உழவர்க்கு அது கூட இல்லை. இயக்கப் பேச்சாளர்கள் இனியேனும் இரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்களாக.

பொதுவுடைமை நண்பர்கள் சினம் கொள்ள வேண்டா. புரட்சிக்குப் பின் நடந்ததையும் நேர்மையோடு சொல்வோம். 1920இல் அவர்கட்குத் தன்னாட்சிப் பகுதி கிடைத்தது; இழிபெயர் நீங்கி 1932இல் உத்மூர்த்து என்ற பெயர் ஏறியது; பள்ளிகளும் நூல்களும் பெருகின. அதே 1932இல் அவ்வினத்தின் தலைசிறந்த கவிஞர் குசெபாய் கெர்த் கைது செய்யப்பட்டார். 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958இல் குற்றமற்றவர் என்றனர். 1989 கணக்கெடுப்பில் ருஷ்யாவில் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்த உத்மூர்த்தியர் 2021இல் 3 லட்சத்து 86 ஆயிரம். பிறப்புக் குறைந்ததும் உண்டு. தான் இன்னான் என்று எழுதக் கூசியதும் உண்டு. இடையில் 2012இல், புரானவோ என்னும் சிற்றூர்ப் பாட்டிமார் உத்மூர்த்து மொழியில் பாடி ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றனர். நாடே கைதட்டியது. ஏழாண்டு கழிந்து ராசின் எரிந்தார். பாட்டிக்குக் கைதட்டல், பேரனுக்குப் பள்ளியில் மொழி இல்லை! இதை மறவாமல் மனத்தில் வையுங்கள். சற்று நேரத்தில் நம் ஊரில் இதையே காணப் போகிறோம்.

இனி விழுப்புரம் வருவோம்.

மரக்காணத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து செஞ்சிக் குன்றுகள் வரை, திண்டிவனத்தைச் சூழ்ந்த ஊர்களிலெல்லாம், ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் ஐந்தும் பத்துமாகக் குடிசைகள் தெரியும். இருளர் வீடுகள் அவை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர். பழங்குடிகளிலும் மிக நலிந்தவை என்று இந்திய அரசு இம்மாநிலத்தில் குறித்துள்ள ஆறு குடிகளுள் ஒன்று. செங்கற்பட்டுப் பக்கம் 'வில்லியர்' என்றும் ஒரு பெயர் உண்டு. வில்லேந்தியவர் என்று பொருள். ஊர் வழங்குவதோ இருளைக் கொண்டு சூட்டிய பெயர். வோத்யாக் கதைதான்.

இவர்களைப் போரில் எவரும் வெல்லவில்லை. படையெடுப்பு இல்லாமலே இவர்கள் நாடு கைமாறியது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டுக்கு வேலி போட்டது. அதற்கு முன்னும் பின்னும் உழுபடை காட்டைத் தின்றது. காடு போனபின் வயலுக்கு வந்தனர். எலி வளையைத் தோண்டி, மண் கலயத்தில் புகை மூட்டி எலி பிடித்தனர். வளைக்குள் எலி சேர்த்த நெல்லே கூலி. உழவனின் விளைச்சலைக் காத்தவர்க்கு எலியின் மிச்சம்! பாம்புத் தோல் விற்று வாழ்ந்தனர். 1972இன் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. சட்டம் பாம்பைக் காத்தது, சரியே. பாம்பு பிடித்தவன் என்ன உண்பான் என்று கேட்ட சட்டம் இல்லை. 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒரு சிலர்க்கு வழி செய்தது. மற்றவர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கற்சூளைக்கும், அரிசி ஆலைக்கும், கரி மூட்டத்துக்கும் போயினர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆயினும் அதற்குப் பின்னும் எத்தனையோ முறை இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுக்கொண்டேயிருக்கின்றனர். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இதைச் சொல்லப் பிறர் வேண்டா. பொங்கல் கழிந்தால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே வரிசையாக விடுப்புக் குறி விழும். சூளையில் தீ அணையும்வரை அது நீளும்.

இனி நரபலிப் பழிக்கு வருவோம். விழுப்புரத்தில் நரபலிப் பழி இல்லை. களவுப் பழி உண்டு. ஓர் ஊரில் பூட்டு உடைந்தால், ஊர்க்காரர் விரலும் காவலர் ஊர்தியும் ஒரே திசையில் செல்கின்றன. யார் என்று கேட்குமுன்னே விடை தெரிந்துவிடுகிறது, முல்தானில் தெரிந்ததுபோல! 1993இல் விழுப்புரம் மாவட்டத்து அத்தியூரில், ஒருவரைத் தேடி இரவில் வந்த புதுவைக் காவலர்கள் இருளர் இளம்பெண் ஒருத்தியைச் சிதைத்தனர் என்ற வழக்கு, 13 ஆண்டு நடந்து 2006இல் விழுப்புரம் நீதிமன்றத்தில் தண்டனையில் முடிந்தது. பின்னர் உயர்நீதிமன்றத்தில் எதிரிகள் விடுதலையாயினர். 2011 நவம்பர் 22 இரவு, அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கோவிலூருக்கு அருகே, தி. மண்டபம் என்னும் ஊரில் களவு விசாரணை என்று சொல்லி இருளர் குடும்பத்தைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். நான்கு பெண்கள் தம்மீது நிகழ்ந்த வன்கொடுமையைப் புகாராக எழுதிக் கொடுத்தனர். மன்றங்களின் தீர்ப்பைப் பற்றி நாம் பேசவில்லை. வேறொன்று கேட்கிறோம். களவு போன வீட்டிலிருந்து இருளர் குடிசைக்குச் செல்லும் அந்தப் பாதையை முதலில் வகுத்துக் கொடுத்தது எது? சான்றா? சாதி மனமா? பிறவியிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தும் சட்டத்தை வெள்ளையன் 1871இல் இயற்றினான்; 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது கோலோச்சியது; விடுதலை வந்ததும் நீக்கப்பட்டது. பட்டியலில் எந்தக் குடியின் பெயர் இருந்தது, எது இல்லை என்பதைப் பற்றி நிலையத்து இரவுப் பணிக்காரர்க்குக் கவலை இல்லை. ஏட்டிலிருந்து எடுத்த சட்டம் அவர் எண்ணத்தில் குடியிருக்கிறது.

முல்தான் வழக்கில் எதிரியிடம் ஒரு பெயராவது இருந்தது. இருளர் குழந்தைக்கு அதையே எழுதித் தர மறுக்கிறது நம் அலுவலகம். பழங்குடிச் சான்றிதழ் என்னும் ஒரு தாளைத்தான் சொல்கிறோம். 1989 நவம்பர் முதல் அதை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியரிடம் சென்றது. விண்ணப்பம் கிராம அலுவலரிடம் போகும், வருவாய் ஆய்வாளரிடம் போகும், வட்டாட்சியரிடம் போகும், கோட்டாட்சியரிடம் ஏறும், வினாவோடு இறங்கும். "தந்தையின் சான்று எங்கே?" தந்தை பள்ளிக்கே போனதில்லை. "பாட்டன் நிலப் பத்திரம்?" பாட்டனுக்கு நிலமே இல்லை, இருந்திருந்தால் சான்றிதழே தேவைப்பட்டிராது! "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள் என இருளர் குடியிருப்புகளில் கைப்புடன் சொல்லக் கேட்கலாம். வேறு எந்தச் சாதியினனிடமாவது தொழிலைச் செய்து காட்டச் சொல்லிச் சாதிச் சான்று தருவதுண்டா? பத்தாம் வகுப்புவரை தட்டுத் தடுமாறி வந்த பிள்ளை, மேலே உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அந்தத் தாள் இன்றி நிற்கிறது. தாள் வருவதற்குள் பிள்ளை சூளைக்குப் போய்விடுகிறது.

69 விழுக்காட்டை நாம் நம் இயக்கத்தின் மணிமுடி என்கிறோம். வகுப்புரிமை வரலாற்றை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கவேண்டியதே. அந்த 69இல் பழங்குடியினர் பங்கு 1. அந்த ஒன்றையும் எட்டிப் பிடிக்க ஏணி கொடாமல் இருந்தால், எண்ணின் பெருமை யாருக்கு?

போலிகள் பெருகிவிட்டனர், ஆகவே கடுமை வேண்டும் என்பார் அலுவலர். போலிச் சான்று வாங்குபவன் யார்? செல்வாக்கும் வழக்கறிஞரும் வைத்திருப்பவன். அவனைப் பிடிக்க விரித்த வலையில் அகப்படுவது, மின்விளக்கில்லாத குடிசைப் பிள்ளை. பெருச்சாளி தப்ப, எலி பிடிப்பவன் சிக்குகிறான்.

வேறொரு தடையை நம் தோழர்களே எழுப்புகின்றனர். "ருஷ்யன் வேற்று மொழியான், உத்மூர்த்தியன் வேற்று மொழியான். சமவெளி இருளர் பேசுவது தமிழ், அவர்களும் தமிழர், ஒப்பிடுவது இனத்தைப் பிளக்காதா?" நன்று. தமிழர் என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா? அப்படியானால் ஊர்க் கிணற்றுக்கு அப்பால் அவர்களுக்குக் குடிசை ஏன்? வீட்டுமனைப் பட்டாவுக்குத் தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுப்பது ஏன்? மொழி ஒன்றாக இருந்தும் இந்த நிலையென்றால், ருஷ்யனைவிட நமக்கே சாக்குக் குறைவு. தில்லிக்கு முன் நாம் சிறுபான்மை. இருளர்க்கு முன் நாமே தில்லி.

பாட்டிமார்க்குக் கிடைத்த கைதட்டலையும் இங்கே காணலாம். 2017இல் அமெரிக்காவின் புளோரிடா, மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளரை அழைத்துக்கொண்டது. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மசிறீ அளித்தது. பெருமைதான், நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய பாம்பு நஞ்சின் பெரும்பகுதியைத் தரும் கைகள் அவை. 2021இல் 'ஜெய் பீம்' திரைப்படம் வந்தது. இருளர் துயரம் இல்லந்தோறும் புகுந்தது. அதே நவம்பர் 4இல் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர்க்கும் இருளர்க்கும் பட்டாவும் சான்றிதழும் வழங்கினார். பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: முதலமைச்சர் வரும் நாளில் கையெழுத்தாகும் தாள், முதலமைச்சர் வராத ஊரில் ஏன் கையெழுத்தாகவில்லை? மையா தீர்ந்துவிட்டது?

கொரலெங்கோ இங்கு இல்லாமலில்லை. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் கல்யாணி என்னும் பிரபா கல்விமணி, இருளர்க்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி, நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடந்தவர். அவரே திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளியும் தோற்றுவித்தார் என்பதை மொழிக் காவலர்கள் கவனிக்க வேண்டும். தமிழுக்குப் பள்ளி கேட்ட கையே இருளர்க்குப் பட்டாவும் கேட்டது. ஆயின் ஒருவர் எத்தனை அலுவலகப் படி ஏறுவார்?

இளைஞர் மன்றத்தார்க்கு வேலை இருக்கிறது. ஊர்வலம் வேண்டா, எழுதுகோல் போதும். பள்ளி திறப்பதற்கு முந்திய திங்களில், திண்டிவனம், விழுப்புரம் கோட்டங்களில் உள்ள படிப்பகங்கள் தத்தம் அருகேயுள்ள இருளர் குடியிருப்புக்குச் செல்லட்டும். எந்தப் பிள்ளைக்குத் தாள் இல்லை என்று பெயரெழுதுங்கள். உறவினர் ஒருவருக்கேனும் சான்று இருந்தால் அதன் படி ஒன்று வாங்கி இணையுங்கள். விண்ணப்பம் கொடுத்த நாளிலேயே ஒப்புகை பெறுங்கள், தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள். காவல் பற்றிய இரண்டு விதிகளைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் குடிசைதோறும் கொடுங்கள்: கைது செய்தால் உறவினர்க்குத் தெரிவிக்க வேண்டும், கதிரவன் மறைந்தபின் உதிக்குமுன் பெண்களைக் கைது செய்யலாகாது, தவிர்க்க முடியாத நிலையிலும் பெண் அதிகாரியும் நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுங்கள். கூடவே வழக்கறிஞர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள், இரவில் எடுக்கக் கூடியவராக.

விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை எழுதும்போது பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். பள்ளிப் பதிவில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் மற்றொன்று என்று எவரோ திரித்தெழுதிய மூன்று பெயர்களோடு அலைபவர் அங்கே பலர். அந்த ஒரு வேறுபாட்டைக் காட்டியே திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களும் பல.